டைல்ஸ் வேலையில வெட்டின வயரைச் சுவருக்குள்ள வைச்சுப் பூசிட்டாங்க, ட்ரிப் சுவிட்ச் நிக்குதில்ல

கல்லடிக்கரை:

வீடு மட்டக்களப்பு கல்லடி, கடல் பக்கம். சுனாமிக்குப் பிறகு 2007ல கட்டினது. சிங்கிள் பேஸ், 30 அம்பியர் இணைப்பு. சிவப்பு (பேஸ்), கறுப்பு (நியூட்ரல்), பச்சை (ஏர்த்) வயர், எல்லாம் சுவருக்குள்ள பிவிசி பைப்பில ஓடுது. மெயின் சுவிட்ச், 40 அம்பியர் ட்ரிப் சுவிட்ச் (30 மில்லிஅம்பியர் கரண்ட் ஏர்த்துக்குக் கசிஞ்சா வெட்டுறது), அதுக்குப் பிறகு எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல போனா விழுற சுவிட்ச்): லைட்டுக்கு 6 அம்பியர் ரெண்டு, பிளக் ரிங்குக்கு (எல்லாப் பிளக்கையும் சுத்தித் தொடங்கின இடத்துக்கே திரும்பி வாற லைன்) 32 ஒண்டு, தண்ணி மோட்டருக்கு 16 ஒண்டு, ஏசிக்குப் புதுசாப் போட்ட 20 ஒண்டு.

போன மாதம் குசினிச் சுவருக்கு டைல்ஸ், ஹோலுக்கு ஏசி, ரெண்டு அறைக்கு சீலிங். மூண்டு வேலைக்கும் மூண்டு கூட்டம். முடிஞ்ச நாளிலயிருந்து இதுதான் நடக்குது:

கேத்தல் போட்டா ட்ரிப் விழுது. எல்லா நேரமும் இல்ல. பகலில தாங்கும், பின்னேரம் ஆறரை ஏழுக்கு மேல போட்டா உடனே விழும். மழை பெஞ்ச அண்டைக்கு விழுத்த அயன் பொக்ஸே காணும். கேத்தலைப் பக்கத்து வீட்டில போட்டுப் பாத்தாச்சு, அங்க ஒரு பிரச்சினையும் இல்ல.

சீலிங் அடிச்ச அறையில லைட்டை ஓஃப் பண்ணின பிறகும் மங்கலா எரிஞ்சுகொண்டே கிடக்கு.

குசினி யன்னலுக்கு வலப்பக்கப் பிளக் தட்டு ஆடுது. டைல்ஸுக்கும் தட்டுக்கும் நடுவில விரல் போற இடைவெளி.

டைல்ஸ்காரரைக் கேட்டா, "தண்ணிப் பைப்புக்குக் காடி வெட்டேக்க கிரைண்டர் ஒரு வயரில பட்டது, முறுக்கி டேப் சுத்திப் பூசிட்டன், ஒண்டும் ஆகாது" எண்டுறார். எந்த இடம் எண்டு சரியாச் சொல்லுறாரில்ல. ட்ரிப் சுவிட்ச் பழசு, அதைக் கழட்டி கரண்டை நேர குடுங்க எண்டு இன்னொரு ஆள் சொல்லிட்டுப் போறார்.

சுவர் முழுக்க டைல்ஸை உடைக்காம இடத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கா? வாற எலக்ட்ரீசியனிட்ட என்னென்ன டெஸ்ட் செய்யச் சொல்லுறது?

---

ஏழுபை67:

தம்பி, நேர குடுக்கிற கதையை முதல்ல விடுங்க. ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்யுது. நீங்க எழுதின மூன்று விஷயம் (கேத்தல், பின்னேரம், மழை) ஒன்றாக வந்தால் சந்தேகம் முதலில் போகவேண்டிய இடம், நியூட்ரல் எங்கேயோ ஏர்த்தைத் தொட்டுக்கொண்டு நிற்பது. பேஸ் தொட்டிருந்தால் கேத்தலுக்குக் காத்திருக்காமல் விழுந்திருக்கும்.

கணக்கைப் பாருங்க. 2200 வோட்ஸ் கேத்தல் கிட்டத்தட்ட 9.5 அம்பியர் எடுக்கும். அந்தக் கரண்ட் நியூட்ரலால் திரும்பிப் போகும்போது, வீட்டிலிருந்து டிரான்ஸ்போமர் வரைக்குமான நியூட்ரல் கம்பிக்கு 0.3 ஓம் என்று வைத்தால், வீட்டு நியூட்ரலில் 3 வோல்ட் அளவு ஏறும். நல்ல வயரிங்கில் இந்த 3 வோல்ட் யாருக்கும் தெரியாது. நியூட்ரல் ஏர்த்தைத் தொட்டிருந்தால் அது உங்கள் ஏர்த் கம்பியால் மண்ணுக்கு இறங்கும். காய்ந்த மணலில் கம்பி 150 ஓம் காட்டினால் இறங்குவது 20 மில்லிஅம்பியர். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் 15க்கு மேல் எங்கேயும் விழலாம், 30க்குள் கட்டாயம் விழவேண்டும். ஆகவே 20ல் விழுந்தாலும் விழும், விழாமலும் நிற்கும். மழை பெய்து மணல் நனைந்து அதே கம்பி 40 ஓம் ஆனால் 75 மில்லிஅம்பியர். விழாமல் என்ன செய்யும்? பின்னேரம் ஊரே லைட்டும் ஃபேனும் ரைஸ் குக்கரும் போடுவதால் றோட்டு நியூட்ரலில் ஏற்கனவே சில வோல்ட் ஏறி இருக்கும், கேத்தல் மிச்சத்தைச் செய்யுது. கேத்தலில் குற்றமில்லை. ஏசியைப் போட்டாலும் இதே கதைதான் நடக்கும், ஏனென்றால் எல்லாச் சேர்க்கிட்டின் கறுப்பு வயரும் ஒரே நியூட்ரல் பாரில்தான் சேருது. எம்சிபி சிவப்பை மட்டும்தான் வெட்டும். அதனால்தான் ரிங் எம்சிபியை ஓஃப் பண்ணி வைத்தாலும் ட்ரிப் விழக்கூடும். "எல்லாம் ஓஃப், அப்பவும் விழுது, அப்ப ட்ரிப் சுவிட்ச்தான் பழுது" என்று தப்பாக முடிவெடுப்பது இந்த இடத்தில்தான்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்றுதான். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்க (சுவிட்சை ஓஃப் பண்ணுவது காணாது, பின் வெளியே வரவேண்டும்). ரிங் எம்சிபியை ஓஃப் பண்ணி வைத்து, பின்னேரம் ஏசியை மட்டும் போடுங்க. விழுந்தால் நான் சொன்னது பெரும்பாலும் சரி. அதுக்கு மேல் கைவைக்க வேண்டாம், டிபி (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

எலக்ட்ரீசியன் வந்தால் மல்ட்டிமீற்றர் மட்டும் கொண்டு வந்தவரைத் திருப்பி அனுப்புங்க. 500 வோல்ட் டிசி தள்ளும் மெகர் (இன்சுலேசன் அளக்கும் மீற்றர்) வேணும், குறைந்த ஓமை இரண்டு தசம இடத்துக்குக் காட்டும் மீற்றரும் வேணும். மல்ட்டிமீற்றர் சில வோல்ட்டில் அளக்கிறது, ஈரச் சாந்துக்குள் கிழிந்த இன்சுலேசன் அதுக்குப் பிடிபடாது. 500 வோல்ட்டில் பார்த்தால் உடனே வெளிச்சத்துக்கு வரும்.

அவர் செய்ய வேண்டியது: மெயின் சுவிட்ச் ஓஃப். வீட்டில் சோலார் அல்லது பற்றரி இன்வேர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக ஓஃப் பண்ணவேணும், மெயினை வெட்டினாலும் அது பின்பக்கத்தால் கரண்ட் தரும். கரண்ட் இல்லை என்பதை டெஸ்டர் பேனாவை நம்பி முடிவு செய்யக்கூடாது. மீற்றரை உயிருள்ள இடத்தில் ஒருக்கா, வேலை செய்யும் இடத்தில் ஒருக்கா, திரும்ப உயிருள்ள இடத்தில் ஒருக்கா வைத்துப் பார்க்கவேணும். மறுகா ரிங்கின் இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு, இரண்டு பச்சை, ஆறு முனையையும் டிபியில் கழற்றி எடுத்து, எது எந்தக் கால் (ரிங்கின் இரண்டு பக்கத்தில் எது) என்று ஒட்டி எழுதவேணும். எல்இடி பல்ப், ரவுட்டர், ஃபேன் ரெகுலேட்டர் ஏதும் அந்த லைனில் தொங்கினால் மெகர் போட முதல் கழற்றவேணும், 500 வோல்ட் அவற்றைத் தின்றுவிடும்.

அளக்க வேண்டிய எண்கள் ஆறு. சிவப்பு முனையிலிருந்து சிவப்பு முனைக்கு, கறுப்பிலிருந்து கறுப்புக்கு, பச்சையிலிருந்து பச்சைக்கு எத்தனை ஓம். பிறகு மெகரில் சிவப்பு–பச்சை, கறுப்பு–பச்சை, சிவப்பு–கறுப்பு எத்தனை மெகாஓம். கறுப்பு–பச்சை மெகரில் பூச்சியம் காட்டினால் இன்னும் இரண்டு எண் வேணும்: கறுப்புக்கும் பச்சைக்கும் இடையே ஒரு காலிலிருந்து குறைந்த ஓமில் எத்தனை, மற்றக் காலிலிருந்து எத்தனை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கி இங்கே போடுங்க.

---

ரவுண்ட்பின்:

இவ்வளவு தலையிடி எதுக்கு? 30க்குப் பதிலா 100 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டா நிக்கும். கன வீட்டில அதுதான் கிடக்கு.

---

மண்முனை_மெகர்:

நிக்கும். ஆள் விழுவார். 30 மில்லிஅம்பியர் என்பது மனுச நெஞ்சுக்கு வைத்த கணக்கு. 100ம் 300ம் தீப்பிடிக்காமல் பார்க்கும் கணக்கு, தொடுகிறவரைக் காப்பாற்றாது.

இவருடைய வீட்டில் இன்னொன்றும் இருக்கு. காடிக்குள் அறுந்து டேப் சுற்றிய வயர் ஈரச் சாந்துக்குள் கிடக்குது, அது சிவப்பாகவும் இருக்கலாம். அதன் பக்கத்தில் தண்ணிப் பைப். பைப் பிவிசி என்றாலும் தண்ணி திறக்கிற டப் பித்தளை, உள்ளே இருப்பது தண்ணி. ஏசி பிரக்கெட், டிவி பிரக்கெட், யன்னல் திரைக் கம்பி எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு: ஆணி சிவப்பு வயரில் இறங்கி நிற்கும், காய்ந்த சுவரில் கசிவு இருக்காது, ட்ரிப் விழாது, யாரும் அறியமாட்டினம். ஈரக்கையோடு ஒருவர் பிரக்கெட்டைத் தொடும்போதுதான் சேர்க்கிட் பூர்த்தியாகும். அந்த நேரத்தில் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான் நடுவில் நிற்கும். ஆகவே எலக்ட்ரீசியன் மெகரை எடுத்த கையோடு, ஏசியின் உள் யூனிட் மாட்டின இரும்புத் தட்டுக்கும் அந்தச் சுவரில் ஓடும் ஒவ்வொரு வயருக்கும் இடையேயும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. ஐந்து நிமிட வேலை.

ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள டி (டெஸ்ட்) பொத்தானை அமத்தினால் விழுது, ஆகவே ஏர்த்தும் சரி என்று நினைக்கவேண்டாம். அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டரால் பேஸிலிருந்து நியூட்ரலுக்கு ஒரு கள்ளவழி விட்டுப் பார்க்குது, அவ்வளவுதான். ஏர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும்.

---

களுவாஞ்சி_வயரிங்:

லைட் பற்றியும் தட்டு பற்றியும் ஒருத்தரும் சொல்லேல்ல, அதை நான் சொல்லுறன்.

ஓஃப் பண்ணியும் எரியிற லைட்: சீலிங் ஆக்கள் பழைய ஹோல்டரைக் கழற்றிப் புது பெனல் லைட் போடும்போது வயரை மாற்றிச் சேர்த்திருப்பினம். சுவிட்ச் இப்ப நியூட்ரலை வெட்டுது, பேஸ் லைட்டிலேயே நிக்குது. சுவிட்சை ஓஃப் பண்ணி, லைட்டின் இரண்டு முனையையும் ஏர்த்துக்கு எதிராக அளந்தால் தெரியும். முழு 230 காட்டினால் மாறித்தான் கிடக்கு, உடனே திருத்தவேணும், ஏனென்றால் "சுவிட்ச் ஓஃப்தானே" என்று பல்ப் மாற்ற ஏறுகிறவர் உயிருள்ள கம்பியைத்தான் பிடிப்பார். 40, 60 என்று ஆடுற எண் காட்டினால் அது பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படுற வோல்ட்டேஜ். அதில் ஆபத்தில்லை. சுவிட்ச்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் எல்இடி இப்படி மங்கலாக எரியும், சுவிட்சை மாற்றினால் போய்விடும்.

நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சீலிங் ஆக்களுக்குச் சொல்லுங்க. உங்கட பழைய வயர் சிவப்பு–கறுப்பு, அவங்க கொண்டு வந்து சேர்த்தது பிரவுன்–நீலம். பழைய மூன்று பேஸ் வீடுகளில் நீலமும் ஒரு பேஸ். அதை நியூட்ரல் என்று பிடித்தால் கதை முடிஞ்சுது.

தட்டு: பழைய சன்க் பொக்ஸ் (சுவருக்குள் பதித்த பிளக் பெட்டி) பழைய பூச்சு மட்டத்துக்கு வைத்தது. அதுக்கு மேல் பசையும் டைல்ஸுமாக 15 முதல் 20 மில்லிமீற்றர் ஏறியிருக்கு. பழைய திருகாணி எட்டாது, அதனால்தான் ஆடுது. 3.5 மில்லிமீற்றர் திருகாணியில் 50 நீளம் காணும், இல்லாட்டி 75 வாங்கி அளவுக்கு வெட்டலாம். ஆனால் பொக்ஸின் வாயும் டைல்ஸ் மட்டத்துக்கு வரவேணும். பொக்ஸ் வாய்க்கு ஏற்ற உயர்த்திச் சட்டம் கிடைக்கும், அதை வைக்காமல் நீட்டுத் திருகாணி மட்டும் போட்டால் பிளக்கின் பின்பக்கத்தில் டைல்ஸின் வெட்டு விளிம்பும் சாந்தும் வயரில் உரசும். நீட்டுத் திருகாணி போடும்போது வயரை ஒதுக்கிப் பிடிக்காமல் இறுக்கினால் திருகாணியே வயரைக் குத்திக்கொண்டு போகும். இந்த மாதிரி வீடுகளில் ட்ரிப் விழுறதுக்கு நான் முதல் திறந்து பார்க்கச் சொல்லுறது அதைத்தான். பொக்ஸுக்குள் விழுந்த சாந்தைத் தூரிகையால் எடுக்கவேணும், தண்ணி ஊற்றிக் கழுவக்கூடாது.

பூட்டி முடித்தால் முன்னாலிருந்து பார்க்க: மேல் துளை ஏர்த், வலம் பேஸ், இடம் நியூட்ரல்.

---

கல்லடிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ரிங் ஓஃப், ஏசி மட்டும் போட்டுப் பாத்தன், ஏழு மணிக்கு விழுந்துது. நேற்று மெகர் வைச்சிருக்கிற ஒரு ஆள் வந்தார். தந்த எண்கள்:

சிவப்பு–சிவப்பு 1.9 ஓம், ஆனா குசினிச் சுவரைக் கையால தட்டினா 1.6க்கும் 2.5க்கும் நடுவில ஓடுது. கறுப்பு–கறுப்பு 0.31. பச்சை–பச்சை 0.51.

மெகர்: சிவப்பு–பச்சை 0.6 மெகாஓம். சிவப்பு–கறுப்பு 0.7. கறுப்பு–பச்சை பூச்சியம்.

கறுப்பு–பச்சை குறைந்த ஓம்: முதல் காலிலிருந்து 0.33, மற்றக் காலிலிருந்து 0.49.

சிவப்பும் கறுப்பும் 7/0.67, பச்சை 7/0.53 எண்டு சொன்னார். லைட் மாறித்தான் கிடந்தது, திருத்தியாச்சு. ஏசித் தட்டில ஒண்டும் இல்ல.

---

ஏழுபை67:

அருமையான ஆளைப் பிடித்திருக்கிறீங்க. இந்த எண்களே இடத்தைக் காட்டித் தருது.

7/0.67 என்பது 0.67 மில்லிமீற்றர் இழை ஏழு, 2.5 சதுர மில்லிமீற்றர், மீற்றருக்கு 7.41 மில்லிஓம். கறுப்பு முழுச் சுற்று 0.31, ஆகவே ரிங் 42 மீற்றர். பச்சை 7/0.53, 1.5 சதுர மில்லிமீற்றர், மீற்றருக்கு 12.1 மில்லிஓம். 42 மீற்றருக்கு 0.51. இரண்டும் ஒத்துப்போகுது. கறுப்பும் பச்சையும் அறாமல் முழுதாக இருக்கு, ஆனால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு.

இப்ப 0.33ஐயும் 0.49ஐயும் கூட்டுங்க: 0.82. கறுப்பு 0.31, பச்சை 0.51, அதுவும் 0.82. அப்படி ஒத்துவந்தால் தொடுகிற இடத்தில் தடையே இல்லை, செம்பும் செம்பும் நேராக ஒட்டியிருக்கு. (கூட்டினது அதிகமாக வந்திருந்தால் ஈரக் கசிவு, இந்தக் கணக்கு உதவாது. அப்ப நடுப் பிளக்கைத் திறந்து வயரைப் பிரித்து, எந்தப் பாதியில் மெகர் விழுது என்று பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகவேணும்.) கறுப்பும் பச்சையும் சேர்ந்து மீற்றருக்கு 19.5 மில்லிஓம். 0.33ஐ அதால் பிரித்தால் 17 மீற்றர். டிபியிலிருந்து முதல் கால் வழியே பைப் போகும் பாதையைக் கயிறு பிடித்து 17 மீற்றர் அளந்தால், முன்னே பின்னே அரை மீற்றருக்குள் காயம் இருக்கு. மேலே ஏறி இறங்குகிற நீளத்தையும் ஒவ்வொரு பொக்ஸுக்குள்ளும் விட்ட வால் நீளத்தையும் சேர்த்து அளக்க மறக்க வேண்டாம், மீற்றரும் அதையெல்லாம் சேர்த்துத்தான் காட்டுது. யன்னலுக்கு வலப்பக்கமாக வரும் என்று நினைக்கிறன்.

சிவப்பு 0.31 காட்ட வேண்டிய இடத்தில் 1.9. தட்டினால் ஆடுது. அதுதான் முறுக்கி டேப் சுற்றின மூட்டு, 1.6 ஓம் அளவு அங்கே மட்டும் நிக்குது. 10 அம்பியர் முழுதும் அதனால் போனால் 160 வோட்ஸ் சூடு, ஒரு விரல் நீள இடத்தில், சாந்துக்குள். இதுவரை கருகாமல் இருக்கிறது ரிங் என்ற ஒரே காரணத்தால்: கரண்ட் சுகமான மற்றக் காலால் சுற்றி வருது, மூட்டால் போவது கொஞ்சம்தான். ஆனால் அதே காரணத்தால்தான் பிரச்சினை மறைந்தும் கிடந்தது. பிளக் எல்லாம் வேலை செய்யுது, ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் இப்ப இருப்பது 32 அம்பியர் எம்சிபிக்குக் கீழே கிட்டத்தட்ட ஒற்றைக்கால் 2.5 வயர். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5க்கு 32 அம்பியர் அதிகம். கேத்தல், ஓவன், அயன் மூன்றும் ஒன்றாகப் போட்டால் எம்சிபி பேசாமல் இருக்கும், வயர் வேகும்.

திருத்தும் வரை ரிங்கைப் பாவிக்க வேண்டாம். ஆறு முனையும் டிபியில் கழன்றே இருக்கட்டும், சிவப்பை விட்டு கறுப்பையும் பச்சையையும் மட்டும் திரும்ப மாட்டினாலும் ஏசிக்கு ட்ரிப் விழும்.

---

களுவாஞ்சி_வயரிங்:

திருத்த இரண்டு வழி.

டைல்ஸைத் தொடாத வழி: காயம் இருக்கிற துண்டு எந்த இரண்டு பிளக்குக்கு நடுவில் என்று 17 மீற்றர் கணக்கால் தெரிஞ்சிட்டுது. அந்த இரண்டு பிளக்கையும் திறந்து, நடுத்துண்டின் மூன்று வயரையும் இரண்டு பக்கமும் கழற்றி, ஒவ்வொரு நுனியையும் தனித்தனிக் கனெக்டரில் மூடி, "பாவிக்காத வயர்" என்று எழுதி பொக்ஸின் அடியில் விடவேணும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அது உயிரோடு கிடக்கும், அடுத்த முறை துளை போடுறவருக்கு எமன். இப்ப ரிங் இல்லை, இரண்டு தனிக் கால். 32 எம்சிபியைக் கழற்றி ஒவ்வொரு காலுக்கும் 20 அம்பியர் ஒன்று. பச்சையும் ஒவ்வொரு காலிலும் கடைசிப் பிளக் வரைக்கும் போகுதா என்று திரும்ப அளக்கவேணும், முதல் இரண்டு வழியால் வந்த ஏர்த் இப்ப ஒரு வழியால்தான் வருது. செலவு இரண்டு எம்சிபியும் அரை நாள் கூலியும்.

டைல்ஸைத் திறக்கும் வழி: ரிங்கைப் பழையபடி வேணும் என்றால். காயத்துக்கு நேரே உள்ள ஒரு டைல்ஸின் கிரவுட்டை மட்டும் கீறி எடுத்து, நடுவிலிருந்து உடைத்து எடுக்கவேணும் (விளிம்பிலிருந்து நெம்பினால் பக்கத்து டைல்ஸும் வெடிக்கும், மிச்சம் வைத்த டைல்ஸ் கையில் இருக்கா என்று முதல் பாருங்க). பைப் வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டு பக்கமும் 10 சென்றிமீற்றர் வெட்டி எடுத்து, புதுத் துண்டும் இரண்டு சொக்கட்டும் (பைப்பைச் சேர்க்கும் மூட்டு) வைக்கலாம். வயரை அந்த இடத்தில் ஒட்டுப்போடாமல், பிளக்கிலிருந்து பிளக்குக்குப் புதுசாக இழுக்கிறதுதான் முறை. இரண்டு பிளக்குக்கும் நடுவில் 6 மீற்றர் பாதை என்றால் சிவப்பு, கறுப்பு 7/0.67 தலா 7 மீற்றர், பச்சை 7 மீற்றர். பழைய வயரின் நுனியில் புதுசைக் கட்டி இழுக்கலாம், ஆனால் வெட்டின வாயால் பைப்புக்குள் சாந்து போய் இறுகியிருந்தால் வராது. முழுப் பலத்தோடு இழுக்க வேண்டாம், புது வயரின் தோல் பைப்பின் வெட்டு விளிம்பில் உரிஞ்சு அதே குற்றம் திரும்ப வரும். விளிம்பை முதல் அரத்தால் மழுக்கவேணும்.

இழுக்க வராத இடத்தில் மூட்டு தவிர்க்க முடியாது என்றால் காயத்திலேயே ஒரு சன்க் பொக்ஸ் வைத்து, உள்ளே திருகு கனெக்டர் அல்லது நெம்புகோல் கனெக்டரால் சேர்த்து, வெறும் தட்டு போட்டு மூடுங்க. பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் மூட்டு எதுவும் திறந்து பார்க்கக் கூடிய இடத்தில் இருக்கவேணும். சாந்துக்குள் புதைக்கிறது என்றால் அளவுக்கு ஏற்ற நீலக் கிரிம்ப் (1.5 முதல் 2.5 வரைக்குமானது), அதுக்குரிய கிரிம்ப் கருவியால் அமத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு, மூன்று மூட்டும் ஒரே இடத்தில் வராமல் ஐந்து சென்றிமீற்றர் தள்ளித் தள்ளி. குறட்டால் அமத்தின கிரிம்ப் கணக்கில் இல்லை. டேப்பின் பசை ஈரச் சாந்தில் விட்டுப்போகும், டேப் கழன்று கம்பி வெளியே நிற்கும். உங்கட 0.6 மெகாஓமுக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

மெகர் மூன்று தரம் போடவேணும்: மூட முதல், பூசின பிறகு, சாந்து காய்ந்த பிறகு. ஒரு மெகாஓமுக்குக் குறைஞ்சால் ஏற்கக்கூடாது, நல்ல வயர் நூற்றுக்கு மேல் காட்டும். ஒன்றும் இரண்டும் காட்டினால் எங்கேயோ ஈரம் இருக்கு என்று அர்த்தம்.

---

சம்மாந்துறை_சைட்:

காசு விஷயம் ஒண்டும் ஏர்த் விஷயம் ஒண்டும்.

டைல்ஸ்காரருக்குக் கடைசிக் காசு குடுக்காட்டி இந்த மெகர் தாளைக் காட்டி, திருத்தின செலவைக் கழிச்சுப்போட்டுக் குடுங்க. அவரையே திருத்த விடாதீங்க, அவர் மேசன். குடுத்து முடிச்சிருந்தா எழுத்தில ஒரு கடிதம், வெட்டின இடத்துப் படம், எலக்ட்ரீசியன்ட பில். பேச்சு சரிவராட்டி நுகர்வோர் அதிகார சபை 1977. இனி எந்த வேலைக்கும் காடி திறந்து கிடக்கேக்க அளவு நாடாவைப் பக்கத்தில வெச்சு ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வெச்சிக்கங்க. பொக்ஸுக்கு நேர மேலயும் நேர கீழயும் நேர பக்கத்திலயும் துளை போடப்படாதுண்டு சொன்னா அரைவாசிப் பிரச்சினை வராது. சுவரில வயர் தேடுற சின்னக் கருவி காய்ஞ்ச சுவருக்கு நல்லம், புதுப் பூச்சில முழுச் சுவரும் வயருண்டு கத்தும்.

ஏர்த்: கல்லடி மணலில கம்பி மேல்மணலில நின்டா வெயிலுக்கு ஓம் ஏறும். தண்ணிமட்டம் அங்க ஆழமில்ல, இன்னொரு கம்பியை ஈரமணல் வரைக்கும் இறக்கி, முதல் கம்பியிலிருந்து கம்பி நீளத்துக்குக் குறையாத தூரத்தில வெச்சு, 7/1.04 வயரால குழாய்க்குள்ள சேருங்க. உப்புக்காத்துக்கு கிளாம்ப் பச்சை பிடிக்கும். வருசத்துக்கு ஒருக்கா மாரிக்கு முதல் திறந்து அரத்தாள் போட்டு இறுக்கி கிரீஸ் பூசணும். ஏர்த் நல்லா வந்தா உங்கட பழைய குற்றம் இன்னும் சுறுக்கா ட்ரிப்பை விழுத்தும், அதுக்குப் பயந்து ஏர்த்தைக் கழட்டின ஆக்களும் இரிக்காங்க.

மீற்றருக்கு முன்னால உள்ளதில, சீல் போட்டதில ஒருத்தரையும் கை வைக்க விடாதீங்க. அது மின்சாரம் குடுக்கிற நிறுவனத்துக்குரியது, 1987க்கு எடுங்க.

---

கல்லடிக்கரை:

17 மீற்றர் அளந்தம், யன்னலுக்கு வலப்பக்கம், பைப் காடிக்கு மேல ஒரு சாண் தள்ளி வருது. டைல்ஸை உடைக்காம முதல் வழியில போறம். ஒரு கேள்வி மட்டும்: டிபியில ஒரு எம்சிபிக்குத்தான் இடம், ரெண்டு 20 போட ஏலாது. டிபியை மாத்த வேணுமா?

---

ஏழுபை67:

தேவையில்லை. இரண்டு காலையும் ஒரே 20 அம்பியர் எம்சிபிக்குக் கீழே போடலாம், ஒவ்வொரு காலும் 2.5 என்பதால் 20 அதைக் காப்பாற்றும். எம்சிபியின் வாய்க்குள் இரண்டு சிவப்பும் நேராகப் போய் இறுகுதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்க. அப்படிச் செய்தால் குசினிக்கும் மற்றப் பிளக்குகளுக்கும் சேர்த்து 4600 வோட்ஸ்தான். கேத்தலும் ஓவனும் அயனும் ஒரே நேரம் போட்டால் இனி விழக்கூடியது எம்சிபிதான், ட்ரிப் சுவிட்ச் இல்லை. எது விழுந்தது என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்க.